அடைக்கலம் காப்பவர்கள்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சிதம்பரத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஜயங்கொண்டத்துக்குச் சற்று மேற்கே இருக்கிறது உடையார்பாளையம். கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தைத் தரிசிக்க வேண்டும் என்ற ஆவலோடு கிழக்கு நோக்கி விரைகிற யாத்திரிகர்கள், பேருந்து இங்கே நிற்கிற இரண்டொரு நிமிஷத்தில் கடைவீதியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதுவும் ஒரு சாலையோரத்து ஊர் என்று எண்ணிக் கடந்துபோய்விடுகிறார்கள். இராஜேந்திர சோழன் எடுப்பித்த மாபெருங் கோயில் பக்கத்திலேயே இருக்கும்போது பாளையக்காரர் ஊருக்கு யார் இறங்கப் போகிறார்கள்? நான் இறங்கியதற்குக் காரணம் இருந்தது. வாயில்லாப் பிராணிகளுக்குப் புகலிடம் அமைத்து, அதை நாள் தவறாமல் நடத்திவருகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்று தை மாதத்தில் ஒரு பிரயாணம் புறப்பட்டேன். அதை எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தபோது, அடைக்கலம் கொடுத்த கீர்த்தியையும், அடைக்கலமாக வந்ததைத் திருப்பித் தர மனமில்லாமற் போன கதையையும் ஒருங்கே உடைய உடையார்பாளையத்தைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தோன்றவில்லை.

இவ்வூரை ஆண்ட ஜமீன்தார்களுக்குக் காலாட்கள் தோழ உடையார் என்பது பரம்பரைப் பட்டம். கச்சி என்ற அடைமொழியைத் தங்கள் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு, காஞ்சீபுரத்தோடு தம் முன்னோருக்கு இருந்த சம்பந்தத்தை அவர்கள் தலைமுறை தோறும் நினைவுபடுத்திவந்தார்கள். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரின் சுயசரிதத்தைப் படித்தவர்களுக்கு இந்தச் சமஸ்தானம் புதிதன்று. அவருடைய தந்தையார் சங்கீதம் பயின்ற கனம் கிருஷ்ணையர் இந்த ஜமீன்தார்களின் ஆதரவில் வாழ்ந்த வித்துவான். ஊரின் நடுவே பயறணீசுவரர் கோயில் இருக்கிறது. மிளகு மூட்டைகளோடு வந்த வணிகன் ஒருவன் சுங்கத்துக்கு அஞ்சிப் பயறு என்று பொய் சொல்ல, மூட்டைகளில் இருந்த மிளகெல்லாம் பயறாகவே மாறிவிட்டதாம். பிறகு அவன் மனம் வருந்தி வேண்ட, பயறு மீண்டும் மிளகாயிற்றாம். அருச்சுனனுடைய வில்லின் பெயரைத் தாங்கிய காண்டீப தீர்த்தத்தின் படிகளில் அமர்ந்து, ஆலயத்து அர்ச்சகரோ ஊர்ப் பெரியவரோ இந்தக் கதையைச் சொல்லக் கேட்பது ஒரு சுகம். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு கதை. அதற்குக் கல்வெட்டே சாட்சி.

கி.பி. 1688-ஆம் ஆண்டு, மொகலாயப் படை காஞ்சீபுரத்தின்மேல் வரும் என்ற பீதி பரவியபோது, கோயில்களின் நிர்வாகிகள் உற்சவ மூர்த்திகளை ஊரை விட்டே அப்புறப்படுத்தத் தீர்மானித்தார்கள். பிரேதங்களைப் போல மூடி எடுத்துச் செல்லப்பட்டன என்று சொல்லப்படும் அந்தத் திருமேனிகளில், வரதராஜப் பெருமாளுடைய திருமேனி வந்து சேர்ந்த இடம், அக்காலத்தில் அடர்ந்த காடு சூழ்ந்திருந்த உடையார்பாளையம். ஆபத்து நீங்கிய பிறகு காஞ்சியிலிருந்து பெருமாளைத் திரும்ப அழைக்க வந்தார்கள். பாளையக்காரர் விடவில்லை. எத்தனையோ ஆண்டுகள் தம் ஊரில் பூஜை ஏற்ற தெய்வத்தை அனுப்பிவைக்க அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் ஜீயர் ஒருவருடைய வேண்டுகோளின் பேரில், கர்நாடக நவாப் சாதத்துல்லாகானின் அதிகாரியாக இருந்த லாலா தோடர்மல் தலையிட்டுத்தான் 1710-ஆம் ஆண்டில் வரதர் காஞ்சிக்குத் திரும்பினார். அந்தக் கோயிலில் தோடர்மல், அவர் மனைவி, தாயார் ஆகியோரின் பிரதிமைகளை இன்றும் காணலாம். திரும்பி வந்த நிகழ்ச்சியை உடையார்பாளைய உற்சவம் என்ற பெயராலேயே கொண்டாடி வந்திருக்கிறார்கள்.

இந்தச் சரித்திரத்தைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தோடர்மலின் பக்கமே நிற்பார்கள், அது நியாயமும்கூட. எனக்கோ இரண்டு எண்ணங்கள் தோன்றின. ஒன்று, அந்தப் பாளையக்காரர்மேல் கோபம் வரவில்லை. அபயம் கேட்டு வந்ததை நெடுங்காலம் பேணியவனுக்கு, அது தன்னுடையது என்ற பிரமை உண்டாவது மனித சுபாவம். மற்றொன்று, கல்வெட்டில் மீட்டவருடைய பெயர் இருக்கிறது. கொண்டுவந்தவர்களுடைய சாகசம் கதையாக வழங்குகிறது. ஆனால் இடையில் கழிந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் விடியற்காலையில் எழுந்து நீர் சுமந்து, விளக்கேற்றி, தளிகை சமைத்தவர்கள் யார் என்பது எவருக்கும் தெரியாது. ஆபத்தில் கைகொடுப்பது ஒரு நாழிகைக் காரியம். அதன் பிறகு தினந்தோறும் பேணுவது ஓர் ஆயுட்காலத்துக் காரியம். புகழெல்லாம் முதலாவதற்கே போய்விடுகிறது. நான் பார்க்க விரும்பியது இரண்டாவது காரியத்தைச் செய்கிறவர்களை.

முதலில் ஒரு நாழிகைக் காரியத்தைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இந்தப் பிரதேசத்தில் அதற்குப் பஞ்சமில்லை. அரியலூர், பெரம்பலூர் இரண்டும் மானாவாரிச் சீமை. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும், உடையார்பாளையத்தைச் சுற்றிலும் முந்திரித் தோப்புகளும் காணப்படும். பெரம்பலூருக்கு வடக்கே வெண்பாவூர் முதலிய காப்புக்காடுகளில் புள்ளிமான்கள் இருக்கின்றன. கோடையில் காட்டுக் குட்டைகள் வற்றியதும் அவை தண்ணீரைத் தேடி வயல்வெளிக்கு இறங்கும். நாய்கள் துரத்த, கண் மண் தெரியாமல் ஓடுகிற மான், கட்டுச்சுவர் இல்லாத பாசனக் கிணற்றில் விழும். காலையில் மோட்டார் போட வந்த குடியானவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்வார். அவர்கள் கயிறும் வலையுமாக வந்து இறங்குவார்கள்.

தேநீர்க் கடையில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த ஒருவர், இப்படிப்பட்ட மீட்புக்குப் பலமுறை கயிறு பிடித்தவர், அந்த வேலையின் சூட்சுமத்தைச் சுருக்கமாகச் சொன்னார்: “தூக்குறது கஷ்டமில்லீங்க. சுத்தி நிக்கிற சனத்தைச் சத்தம் போடாம வெக்கிறதுதான் கஷ்டம். மேல ஏத்தினதும் கண்ணைத் துணியால மூடிப்புடணும். இல்லாட்டி பயத்துலயே செத்துப்போயிரும்.” அவர் சொன்னதைக் கால்நடை வைத்தியர்களும் ஒப்புக்கொள்வார்கள். பிடிபட்ட அச்சத்தினால் மானின் தசைகளே நஞ்சுபட்டுப் பழுதாகி, காயம் ஒன்றும் இல்லாமலே அது சில மணிக்குள்ளோ சில நாட்களிலோ இறந்துபோவதுண்டு. ஆகவே கிணற்றிலிருந்து ஏறிய மானுக்குச் செய்யக்கூடிய பேருபகாரம், பெரிய காயம் இல்லாதபட்சத்தில், அதைத் தடவாமல், அதனோடு படம் எடுத்துக்கொள்ளாமல், கூடிய சீக்கிரம் காட்டின் ஓரத்தில் விட்டுவிட்டு விலகி நிற்பதுதான். காப்பாற்றியவனுடைய கருணைக்கு அங்கே முதற் பரீட்சை, கையை எடுத்துக்கொள்வது.

உடையார்பாளையத்திலிருந்து மேற்கே செல்கிற சாலையில் முந்திரிக் காடுகள் முடிந்ததும் சுண்ணாம்புக்கல்லின் ராஜ்யம் ஆரம்பமாகிறது. கோடானு கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பிகளும் நத்தைகளும் படிந்த பாறையைத்தான் இப்போது சிமெண்டு ஆலைகள் வெட்டி எடுக்கின்றன. லாரிகள் எழுப்பும் வெண்புழுதி வேப்பமரங்களின்மேல் படிந்து, பகலிலேயே பனி பெய்தாற்போல ஒரு தோற்றத்தைத் தருகிறது. பழுவேட்டரையர்களின் தலைநகரமாகிய பழுவூர்ப் பக்கம் வந்ததும் காற்று மாறுகிறது. அங்கிருந்து தெற்கே திரும்பினால், வயல்களினூடே செல்லும் வழி கரைவெட்டி ஏரிக்குக் கொண்டுபோய் விடுகிறது.

கரைவெட்டி ஏரியின் பரப்பு ஏறத்தாழ 454 ஹெக்டேர். மேட்டூரில் திறக்கப்பட்ட காவிரி நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக இங்கே வந்து சேர்கிறது; சுற்றுவட்டாரத்து நெல் வயல்களெல்லாம் இந்த ஏரியைத்தான் நம்பியிருக்கின்றன. 1999-ஆம் ஆண்டில் அரசாங்கம் இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024-ஆம் ஆண்டு ஜனவரியில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இது சேர்க்கப்பட்டது. மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்து, இமயத்தைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தைக் கழிக்க இங்கே இறங்குகின்றன. நான் போன சமயத்தில் ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகிகளும் கூட்டங் கூட்டமாக நீரில் மிதந்தன. கூழைக்கடாக்கள் சாவதானமாக வட்டமிட்டன. நத்தைகுத்தி நாரைகள் கரையோரச் சேற்றில் தங்கள் ஜீவனோபாயத்தில் ஈடுபட்டிருந்தன.

இங்கே அடைக்கலம் நடத்துகிறவர்களுக்கு என்ன வேலை? பறவைகளுக்கு யாரும் உணவு வைப்பதில்லை. கூடு கட்டிக் கொடுப்பதுமில்லை. கரையின்மேல் கழியும் தொலைநோக்கியுமாக நடமாடுகிற வேட்டைத் தடுப்புக் காவலர்களுடைய வேலை முழுவதும், ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதே. வலை விரிக்கப்படாமல், துப்பாக்கி வெடிக்காமல், மீன் பிடிக்கிற நரம்புக் கண்ணியில் ஒரு நாரையின் கால் சிக்கிக்கொள்ளாமல் ஒரு நாள் கழிந்தால், அது நல்ல நாள். அப்படிப்பட்ட நாளைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதாது. ஏரிக்குள் ஒரு கண்ணும், தண்ணீருக்காகக் காத்திருக்கும் குடியானவர்மேல் ஒரு கண்ணுமாக அவர்கள் இருக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் பறவைக்கு வேண்டிய நீரும் பயிருக்கு வேண்டிய நீரும் ஒன்றுதான். சிவகங்கைச் சீமையில் கொள்ளுகுடிப்பட்டிக் கிராமத்தார் வேட்டங்குடிக்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கும் பட்டாசு கொளுத்துவதில்லை. சரணாலயம் என்பது அரசாங்கக் கெஜட்டில் பிறந்தாலும், அது உயிரோடு இருப்பது இத்தகைய ஊர்க் கட்டுப்பாட்டினால்தான். பங்குனி பிறந்ததும் வாத்துகள் தாமாகவே வடக்கு நோக்கிப் புறப்பட்டுவிடும். போகும்போது விடைபெறுவதில்லை, காவலர்களும் அதை எதிர்பார்ப்பதில்லை.

கரைவெட்டியிலிருந்து மேற்கே குறுக்குச் சாலைகளைப் பிடித்து, சென்னை நெடுஞ்சாலையை எட்டினால், திருச்சிராப்பள்ளிக்கும் பெரம்பலூருக்கும் நடுவே சிறுகனூரை அடுத்து எம்.ஆர்.பாளையம் என்ற ஊர் வருகிறது. காப்புக்காட்டின் ஒரு பகுதியில், ஏறத்தாழ ஐம்பது ஏக்கர் பரப்பில், தமிழ்நாடு வனத்துறை யானைகளுக்காக ஒரு மீட்பு, மறுவாழ்வு மையத்தை நடத்திவருகிறது. 2019-ஆம் ஆண்டில் மலாச்சி என்ற பெண் யானையோடு இது தொடங்கியது. பின்பு, முன்னாளில் காஞ்சீபுரத்தில் இருந்த சந்தியா, இந்து, ஜெயந்தி என்ற மூன்று யானைகளும் வந்து சேர்ந்தன. அவற்றின் பெயர்களைக் கேட்டபோது எனக்கு ஒரு வியப்பு உண்டாயிற்று. காஞ்சியிலிருந்து அன்று தெய்வம் புகலிடம் தேடி இந்தத் திசைக்கு வந்தது. இன்று காஞ்சியின் யானைகளும் இந்தத் திசைக்கே வந்திருக்கின்றன. ஆனால் முக்கியமான ஒரு வித்தியாசம் உண்டு. வரதர் திரும்பிப் போனார். இந்த யானைகளுக்குத் திரும்பிப் போக இடமில்லை. கோயில் வாசலிலும் வீதியிலும் மனிதரோடேயே வளர்ந்த யானை, காட்டில் தன் இனத்தாரோடு வாழும் வித்தையை அறியாது. அதைக் கொண்டுபோய்க் காட்டில் விடுவது கருணையாகாது. கிணற்று மானை ஒரு மணி நேரத்தில் விட்டுவிடலாம்; வாத்து தானாகவே போய்விடும்; யானை மட்டும் சாகுமளவும் கூடவே இருக்கும். யானையின் ஆயுள் ஏறக்குறைய மனிதனுடைய ஆயுளே. இப்படிப்பட்ட விருந்தாளியை ஏற்றுக்கொள்கிறவர்கள், தங்கள் வாழ்நாளின் பெரும்பகுதியையே ஒப்புக்கொடுத்துவிடுகிறார்கள்.

இது காட்சிசாலை அன்று. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு இங்கே வேலையில்லை. இசைவு பெற்று, சற்று எட்ட நின்று பார்த்ததில், யானையைக் காட்டிலும் யானையைச் சுற்றி நடக்கிற காரியங்களே என் மனத்தைக் கவர்ந்தன. வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 150 முதல் 200 கிலோ வரை பசுந்தீவனம் வேண்டும். நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். தின்றதில் பாதிக்கும் குறைவாகவே அதன் வயிற்றில் ஜீரணமாகிறது. ஆதலால் விழித்திருக்கும் நேரமெல்லாம் தின்றுகொண்டே இருப்பதுதான் யானையின் தொழில். அது தின்றுகொண்டே இருக்கும்படி பார்ப்பதும், தின்றதன் மிச்சத்தை அள்ளிக்கொண்டே இருப்பதும் பாகர்களின் தொழில். இதைத் தவிர, யானைகளைப் பராமரிக்கும் இடங்களில் எல்லாம் ஒரு சமையற்கட்டு உண்டு. அரிசியும் கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்து, வெல்லமும் உப்பும் தாது உப்புக் கலவையும் சேர்த்துப் பிசைந்து, கவளம் கவளமாக உருட்டி வாயில் ஊட்டுகிறார்கள். மருந்து கொடுக்க வேண்டுமானால் அந்தக் கவளத்துக்குள் ஒளித்துத்தான் கொடுக்க வேண்டும். யானை அதைக் கண்டுபிடித்து, மாத்திரையை மட்டும் லாகவமாகத் துப்பிவிட்டுக் கவளத்தை விழுங்கிவிடுவதும் உண்டு.

காலையில் பாகன் செய்கிற முதற்காரியம் லத்தியைப் பார்ப்பது. அதைக் காலால் உடைத்துப் பார்த்து, நார் நீளமாக இருந்தால் பல் சரியாக அரைக்கவில்லை என்று அறிந்துகொள்கிறான். யானைக்கு ஆயுளில் ஆறு முறை கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. ஆறாவது பல்லும் தேய்ந்துவிட்டால், எதிரே மலைபோலத் தழை குவிந்திருந்தாலும் அது பட்டினிதான். அப்போது தழையைப் பொடியாக நறுக்கி, கஞ்சியை அதிகப்படுத்தி, தாயைப் போல ஊட்ட வேண்டியிருக்கும். அடுத்தபடி பாதம். பல ஆண்டுகள் கருங்கல் தளத்திலும் சிமெண்டுத் தரையிலும் கட்டுண்டு நின்ற யானைகளுக்குப் பெரும்பாலும் நோய் காலில்தான் வருகிறது. உள்ளங்கால் மெத்தை வெடித்து, நகக்கண்ணில் சீழ் பிடித்து, அவ்வளவு பெரிய சரீரம் ஒரு சிறு புண்ணினால் கீழே சாய்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு காலையும் தூக்கச் சொல்லி, கழுவி, இடுக்கில் சிக்கிய கல்லை எடுத்து, நகத்தை அராவி, மருந்து வைக்கிறார்கள். முன்கால்களில் ஐந்தைந்தும் பின்கால்களில் நந்நான்குமாக மொத்தம் பதினெட்டு நகங்கள். ஒன்றையும் விட முடியாது. பிறகு குளியல். பிறகு மண்தரையில் நீண்ட நடை. கால்நோய்க்கு மண்ணைவிடச் சிறந்த மருந்து இல்லை. கீழே படுத்தால் எழுந்திருக்க முடியாத கிழட்டு யானைகள் சாய்ந்து உறங்குவதற்கு மண்மேடு அமைத்துக் கொடுப்பதும் இந்தப் பரிசாரகத்தில் சேர்ந்ததே.

பாகருக்கு உதவியாக இருப்பவரைக் காவடி என்று அழைக்கிறார்கள். டாப்ஸ்லிப்பிலும் முதுமலையிலும் மலசர், குறும்பர், இருளர் முதலிய மலைவாசிகள் தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலைச் செய்துவருகிறார்கள். சமவெளியிலோ கோயிலைச் சார்ந்த பாகர் குடும்பங்கள் உண்டு. ஒரு முதிய பாகரிடம் சம்பாஷணையில், யானையை எப்படி வசப்படுத்துகிறீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். “வசப்படுத்துறது எங்க ஐயா? நேரத்துக்குத் தீனி, நேரத்துக்குத் தண்ணி, பொய் சொல்லாம இருக்கணும். நாளைக்குத் தர்றேன்னு சொல்லிட்டு தரலைன்னா அது நெனப்புல வெச்சுக்கும்” என்றார். ஊருக்குப் போய்ப் பிள்ளை குட்டிகளைப் பார்த்து வருவதுண்டா என்று விசாரித்தேன். “போவேன். ஒரு ராத்திரி தங்குனா மறுநாள் இங்க சாப்பிடாம நிக்குதுன்னு போன் வரும். திரும்பி வந்துருவேன்” என்றார். அதில் குறை ஒன்றும் தொனிக்கவில்லை, பெருமையும் தொனிக்கவில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தியையும் அதே குரலில் சொன்னார்.

நீலகிரியில் தெப்பக்காட்டு முகாமில் தாயை இழந்த யானைக்கன்றுகளை வளர்த்த பொம்மன், பெள்ளி என்ற காட்டுநாயக்கர் தம்பதியை இப்போது உலகமே அறியும். அவர்களைப் பற்றிக் கார்த்திகி கொன்சால்வஸ் எடுத்த ஆவணப்படத்துக்கு 2023-ஆம் ஆண்டில் ஆஸ்கார் பரிசு கிடைத்தது. அந்தப் படத்தில் என்னை மிகவும் தொட்ட இடம், பரிசுக்கு உரியதாகப் பேசப்படுகிற அழகிய காட்சிகள் எவையும் இல்லை. சாகக் கிடந்த நிலையில் வந்த ரகு என்ற கன்றை ஊட்டி வளர்த்து ஆளாக்கிய பிறகு, அதை வேறொரு பாகரிடம் ஒப்படைக்கும்படி நேர்ந்த கட்டம். கண்ணீர் விட்டார்கள், ஒப்படைத்தார்கள். உடையார்பாளையத்துப் பாளையக்காரருக்கு மனம் வராத காரியத்தை, அந்தத் தம்பதியர் மனத்தைத் தேற்றிக்கொண்டு செய்தார்கள். அடுத்த கன்று வந்தபோது மீண்டும் பால்புட்டியை எடுத்தார்கள் என்பது அதனினும் பெரிய காரியம்.

பட்டணத்துக்கும் இந்தத் தர்மம் அந்நியமன்று. சென்னையில் விமானியாக இருந்த காப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் 1959-ஆம் ஆண்டில் தியாகராய நகரில் தங்கள் வீட்டிலேயே தொடங்கியதுதான் புளூ கிராஸ். வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை அவர் எடுத்து வந்ததே அதற்குப் பிள்ளையார் சுழி என்பார்கள். உஷா சுந்தரம் சுதந்திர இந்தியாவின் முதற் பெண் விமானிகளில் ஒருவர். ஆகாயத்தில் பறந்து பேர் வாங்கிய தம்பதியர், தெரு நாயின் சொறிக்கு மருந்து பூசுவதைக் கௌரவக் குறைவாக எண்ணவில்லை. நாய்களைக் கொல்வதை விட்டு, கருத்தடை செய்து மீண்டும் அதே தெருவில் விடவேண்டும் என்று அவர்கள் ஸ்தாபனம் பல்லாண்டு வற்புறுத்தியது; மாநகராட்சி அந்த முறையை ஏற்றது 1990-களின் நடுப்பகுதியில்தான். இதே சென்னையிலிருந்து ராஜ்ய சபைக்குச் சென்ற ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த மசோதாவின் பயனாகவே, பிராணிகள்மேல் இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கும் சட்டம் 1960-ஆம் ஆண்டில் நிறைவேறியது. அந்தச் சட்டப்படி 1962-ஆம் ஆண்டில் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

இவர்களைப் பற்றி எண்ணும்போது, புகலிடம் நடத்துகிற சாமானியர்களுடைய சங்கடமும் கூடவே நினைவுக்கு வருகிறது. சிறிய ஊர்களில், தங்கள் கொல்லைப்புறத்திலேயே பத்து இருபது நாய்களுக்கும், கால் முறிந்த கன்றுகளுக்கும் இடம் கொடுத்திருக்கிற குடும்பங்கள் தமிழ்நாடெங்கும் உண்டு. அப்படி ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால், சுற்றியிருக்கிற ஊர்களுக்கெல்லாம் சௌகரியமாகப் போய்விடுகிறது. இரவோடிரவாகக் குட்டிகளைக் கோணிப்பையில் கட்டி அவர்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். வைத்தவன் வீட்டுக்குப் போய், ஜீவன்களைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குவான். விடிந்ததும் பால் காய்ச்ச வேண்டியவர்களுக்குத் தூக்கம் போய்விடும். இருக்கிற கஞ்சியை எத்தனை வாய்க்குப் பங்கிடுவது, இனி வருவதை எந்த நெஞ்சோடு மறுப்பது, பிழைக்காது என்று தெரிந்த பிராணிக்கு எத்தனை நாள் வைத்தியம் செய்வது என்ற கேள்விகளுக்கு அவர்கள் தினமும் விடை சொல்லியாக வேண்டும். மறுக்கத் தெரியாதவர்களுடைய புகலிடம் வெகுசீக்கிரத்தில் நோய்க் கிடங்காகிவிடும். மறுக்கிறவர்களுக்கோ ஊரில் கல்நெஞ்சர் என்ற பெயர் வரும். இந்தத் தர்மசங்கடத்தைத் தாங்குகிறவர்களைத்தான் அடைக்கலம் காப்பவர்கள் என்று சொல்வேன்.

வடலூரில் 1867-ஆம் ஆண்டில் இராமலிங்க சுவாமிகள் சத்திய தருமச்சாலையை நிறுவியபோது மூட்டப்பட்ட அடுப்பு அன்று முதல் அணையவில்லை என்பது நாம் அறிந்ததே. ஜீவகாருண்யத்தை அந்த மகான் வெறும் உபதேசமாக விட்டுவிடாமல் அடுப்பாகவும் விறகாகவும் ஏற்படுத்தினார். எண்ணிப் பார்த்தால், ஓர் அடுப்பு இத்தனை தலைமுறைகளாக எரிகிறது என்பதற்கு, இத்தனை தலைமுறைகளாக யாரோ விறகு தள்ளிக்கொண்டு இருந்திருக்கிறார்கள் என்பதே பொருள். பெரம்பலூர் நெடுஞ்சாலை ஓரத்துக் காட்டில் கேழ்வரகுக் களி கிண்டுகிறவரும் அந்த வரிசையில் சேர்ந்தவரே.

ஆகவே, இத்தகைய இடங்களுக்கு உதவி செய்ய விரும்புகிற அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது எளிது. புதிய பிராணியைக் கொண்டுபோய் ஒப்படைக்கும் உற்சாகத்தைச் சற்று அடக்கிக்கொண்டு, ஏற்கெனவே அங்கே இருப்பவற்றின் ஒரு மாதத் தீவனச் செலவையும், அவற்றைப் பார்த்துக்கொள்கிறவருடைய ஒரு மாதச் சம்பளத்தையும் விசாரித்து, அதில் முடிந்த பங்கை ஏற்றுக்கொள்ளலாம். 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வளர்ப்பு யானைகளின் பராமரிப்புக்கென்று விதிகள் வகுக்கப்பட்டன. யானைக்கு இன்னின்னது வேண்டும் என்பது எழுத்தில் வந்துவிட்டது. அந்த எழுத்தைக் காலையும் மாலையும் நிறைவேற்றும் பாகருக்கு ஒரு மாற்று ஆள் கிடைத்து, அவர் தம் மகளுடைய கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னதாகவே ஊருக்குப் போய், திரும்பி வரும்படி போன் வராமல் பந்தலில் நிற்க முடியுமானால், அந்தப் புகலிடம் நன்றாக நடக்கிறது என்று நாம் தைரியமாகச் சொல்லலாம்.